அபட்மென்ட்டைக் கழற்றும் முன்: இம்ப்ளான்ட் சிகிச்சைக்குப் புதிதாக வரும் பல் மருத்துவர்களுக்கு

பல்லின் வேருக்குப் பதிலாக வைக்கும் திருகான இம்ப்ளான்ட்டை எலும்பில் எப்படிப் பதிப்பது என்று சொல்லித்தர வகுப்புகள் நிறைய உண்டு. ட்ரில் சுற்றும் வேகம், ஆழம், கோணம் எல்லாம் கவனமாகக் கற்றுக்கொண்டுதான் வருகிறோம். அதன் பிறகு பல் கட்டி முடிக்கும் வரை ஹீலிங் அபட்மென்ட்டை (ஈறு ஆறும் வரை இம்ப்ளான்ட் மேல் மாட்டிவைக்கும் தற்காலிக பாகம்) கழற்றுவோம், அளவெடுப்போம், திரும்ப மாட்டுவோம், ட்ரையல் பார்க்க இன்னொரு முறை கழற்றுவோம். இந்த வேலையை மட்டும் யாரும் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. ஒரு ஸ்க்ரூவைத் திருகுவதில் கற்க என்ன இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன்.

ஆரம்ப வருடங்களில் ஒரு மேல் முன்பல் கேஸ் செய்தேன். அளவெடுக்க ஒரு முறை, அபட்மென்ட் (இம்ப்ளான்ட்டையும் மேலே கட்டும் பல்லையும் இணைக்கும் பாகம்) பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு முறை, நிறம் சரியில்லை என்று இரண்டு முறை, வடிவம் திருத்த ஒரு முறை, கடைசியில் மாட்ட ஒரு முறை என மொத்தம் ஆறு தடவை கழற்றியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் லேசாக ரத்தம் கசிந்தது. ஈறு என்றால் கொஞ்சம் ரத்தம் வரத்தான் செய்யும் என்று பஞ்சால் ஒற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு இம்ப்ளான்ட்டின் முதல் மரையையும் தாண்டி இறங்கியிருந்தது. ஈறும் சற்று ஏறி, கிரவுனின் (மேலே கட்டிய பல்லின்) விளிம்பு தெரிந்தது. கழற்றியது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், அந்த நோயாளிக்கு ஈறும் மெல்லியதுதான். ஆனால் அந்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது, அதை அவ்வளவு சாதாரணமாக எடுத்திருக்கக் கூடாது என்று புரிந்தது.

கழற்றும்போது கிழிவது எது

இயற்கைப் பல்லின் வேரில் சிமென்டம் என்ற படலம் இருக்கிறது. ஈறின் நார்கள் அதற்குள் செங்குத்தாக நுழைந்து பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். இம்ப்ளான்ட்டில் சிமென்டம் கிடையாது. அதனால் அபட்மென்ட்டைச் சுற்றியுள்ள நார்கள் அதற்குள் நுழைவதில்லை. பக்கவாட்டில் இணையாக ஓடி, கழுத்துப் பட்டை போல இறுக்கிப் பிடிக்கின்றன, அவ்வளவுதான். பல்லைச் சுற்றியுள்ள சவ்விலிருந்து வரும் ரத்த ஓட்டமும் இங்கே இல்லை. பிடிப்பும் குறைவு, ஊட்டமும் குறைவு.

ஈறின் மேல்விளிம்பிலிருந்து எலும்பு வரை அளந்தால் பொதுவாக 3 முதல் 4 மி.மீ. வரும். மேலே சுமார் 2 மி.மீ. எபிதீலியம், அதாவது ஈறின் மேல்தோல் அடுக்கு. அது நுண்ணிய ஒட்டுப்புள்ளிகளால் அபட்மென்ட்டின் பரப்பில் ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. இணைப்புத் திசு. வாயில் உள்ள பாக்டீரியா எலும்பை எட்டாமல் நிற்கும் அடைப்பு இது மட்டும்தான். ஸ்க்ரூவைத் தளர்த்தி அபட்மென்ட்டை இழுக்கும்போது இந்த ஒட்டு பிய்கிறது. நீங்கள் பார்க்கும் ரத்தம் அந்தப் பச்சைப் புண்ணிலிருந்து வருவது.

ஒரு முறை பிய்ந்தால் உடல் திரும்ப ஒட்டவைத்துவிடும். திரும்பத் திரும்பப் பிய்த்தால் நிலைமை வேறு. எபிதீலியம் புண்ணை மூடக் கீழ்நோக்கி வளரும். அதற்குக் கீழே தனக்கு வேண்டிய தடிமனுக்கு இணைப்புத் திசு இடம் தேடும். மேலே இடமில்லாதபோது எலும்பு கரைந்து இடம் கொடுக்கும். ஸ்வீடனில் ஆப்ரஹாம்சன், பெர்க்லுந்த், லிண்டே ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் கண்டார்கள். நாய்களில் ஒரு பக்க அபட்மென்ட்களை ஐந்து முறை கழற்றி மாட்டினார்கள், மறுபக்கத்தைத் தொடவில்லை. கழற்றிய பக்கத்தில் திசு அடைப்பு கீழே இறங்கியிருந்தது, எலும்பும் கூடுதலாகக் கரைந்திருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பயந்துவிட வேண்டாம். ஆப்ரஹாம்சன் குழுவே 2003-இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. ஹீலிங் அபட்மென்ட்டை ஒரே ஒரு முறை கழற்றி நிரந்தர அபட்மென்ட்டை மாட்டிய இடங்களில் திசுவுக்கும் எலும்புக்கும் குறிப்பிடும்படி கேடு வரவில்லை. மனிதர்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும், ஒருமுறை மாட்டிக் கழற்றாமல் விட்டதற்கும் பலமுறை கழற்றியதற்கும் இடையே எலும்பில் உள்ள வித்தியாசம் ஒரு மி.மீ.-இல் பத்தில் சில பங்குதான். பின்பக்கக் கடைவாய்ப் பல்லில் அது யார் கண்ணிலும் படாது. முன்பல்லில், மெல்லிய ஈறில் அதுவே பெரிய சேதம். எனவே எங்கே எவ்வளவு கவனம் தேவை என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை.

முதலில் ஈறை அளந்துகொள்ளுங்கள்

அறுவைக்காக ஈறைத் திறக்கும்போதே அதன் தடிமனை பீரியோடான்டல் புரோபால் (அளவுக்கோடு போட்ட மெல்லிய கருவி) அளந்து கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அரை நிமிட வேலை. 2 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் எச்சரிக்கை வேண்டும். லித்துவேனியாவின் லின்கேவிசியஸ் குழு 2009-இல் காட்டியபடி, அப்படி மெல்லிய ஈறு உள்ள இடங்களில் முதல் வருடத்திலேயே ஒன்றரை மி.மீ.-ஐ நெருங்கும் அளவுக்கு எலும்பு இறங்கக்கூடும். ஈறு மெல்லியதாக இருப்பதாலேயே வரும் இழப்பு அது. அதன் மேல் நாமும் நான்கு முறை கழற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அபட்மென்ட்டின் உயரத்தை இந்த அளவுதான் தீர்மானிக்கிறது. கிரவுன் உட்காரும் இடத்துக்கும் எலும்புக்கும் நடுவே 2 மி.மீ.-ஆவது இருந்தால் திசு ஒட்டுவதற்கு இடம் கிடைக்கும். குட்டையான அபட்மென்ட்டில் எலும்பு அதிகம் இறங்குவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் ஈறு மெல்லியதாக இருந்து, இம்ப்ளான்ட்டும் ஆழமில்லாமல் பதிந்திருந்தால், பிறகு விரும்பினாலும் உயரமான அபட்மென்ட்டை வைக்க முடியாது. அறுவை செய்பவரும் பல் கட்டுபவரும் வேறு வேறு ஆட்கள் என்றால், அறுவைக்கு முன்பே இருவரும் இதைப் பேசிவிட வேண்டும்.

இணைப்பு எங்கே அமைகிறது என்பதும் முக்கியம். டிஷ்யூ லெவல் இம்ப்ளான்ட்டில் இணைப்பு எலும்புக்கு மேலே, ஈறுக்குள் இருக்கும். அங்கே கழற்றி மாட்டுவதன் தொல்லை எலும்பிலிருந்து தள்ளியே நிற்கும். போன் லெவல் வகையில் இணைப்பு எலும்பின் விளிம்பிலேயே இருப்பதால் ஒவ்வொரு கழற்றலும் எலும்பின் தலையில்தான் நடக்கிறது. அபட்மென்ட்டின் விட்டம் இம்ப்ளான்ட்டைவிடக் குறுகலாக இருக்கும் பிளாட்ஃபார்ம் ஸ்விட்சிங் முறை இந்த இணைப்பைச் சற்று உள்ளே தள்ளிவைக்கிறது. இந்த முறை பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1991 வாக்கில் 5, 6 மி.மீ. அகல இம்ப்ளான்ட்கள் வந்தபோது அதே அகலத்தில் அபட்மென்ட் கிடைக்கவில்லை. கையில் இருந்த 4.1 மி.மீ. பாகத்தையே மாட்டினார்கள். வருடங்கள் கழித்து எக்ஸ்ரேக்களைப் பார்த்தால் அந்த இடங்களில் எலும்பு வழக்கத்தைவிட நன்றாக நின்றிருந்தது.

எத்தனை முறை திறக்கப்போகிறோம் என்று எண்ணுங்கள்

கேஸ் தொடங்கும்போதே தாளில் எழுதிப் பாருங்கள். அளவெடுக்க ஒன்று, கடைசியில் மாட்ட ஒன்று. இந்த இரண்டைத் தாண்டும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுத முடிய வேண்டும். நிறம் பார்க்க அபட்மென்ட்டைத் தொடவே தேவையில்லை, பக்கத்துப் பல்லைப் பார்த்து முதல் நாளே முடிக்கலாம். கடிப் பதிவையும் புகைப்படங்களையும் ஹீலிங் அபட்மென்ட் இருக்கும்போதே எடுத்துவிடலாம். டிஜிட்டல் ஸ்கேன் என்றால் முழு வளைவையும் முதலில் ஸ்கேன் செய்துவிட்டு, ஸ்கேன் பாடி (இம்ப்ளான்ட் இருக்கும் இடத்தை ஸ்கேனருக்குக் காட்டும் பாகம்) வைக்கும் அந்தப் பகுதிக்கு மட்டும் கடைசியில் திறக்கலாம்.

தற்காலிக கிரவுனை வைத்து ஈறை வடிவமைக்கும் கேஸ்களில் எண்ணிக்கை தானாகவே கூடும். தவிர்க்க முடியாது, ஆனால் அடக்கலாம். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக காம்போசிட் (பல் நிறப் பிசின்) சேர்ப்பதைவிட, ஒன்றிரண்டு அமர்வில் வடிவத்தை முடித்துவிட்டு ஈறு தேறக் காலம் கொடுப்பதே நல்லது என்பது என் அனுபவம். மென்திசு அடைப்பு முதிர 6 முதல் 8 வாரம் ஆகும். அது முடியும் முன் முன்பல்லில் இறுதி அளவெடுக்க அவசரப்படாதீர்கள்.

அறுவை நாளிலேயே நிரந்தர அபட்மென்ட்டை மாட்டிவிட்டு அப்புறம் கழற்றுவதே இல்லை என்ற முறையும் இருக்கிறது. முழுத் தாடைக்கும் பல் கட்டும்போது, பல இம்ப்ளான்ட்களை ஒரே பல் வரிசையோடு இணைக்கும் மல்டி யூனிட் அபட்மென்ட்களுக்கு இதுதான் சரி. ஒரு முறை மாட்டி, அளவெடுப்பதையும் அதன் மட்டத்திலேயே செய்யலாம், இம்ப்ளான்ட் வரை இறங்க வேண்டியதே இல்லை. தனி முன்பல்லுக்கு மட்டும் புதியவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பேன். ஈறு எந்த உயரத்தில் நிற்கும் என்று அன்றைக்கே கணிக்கப் பழக்கம் வேண்டும். கணிப்பு தவறினால் எப்படியும் கழற்ற வேண்டிவரும், செய்ததற்குப் பலனே இல்லாமல் போகும்.

மாட்டப்போகும் பாகம் சுத்தமா

ஹீலிங் அபட்மென்ட்டைக் கழுவி, ஆட்டோகிளேவ் செய்து அடுத்த நோயாளிக்குப் போடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆட்டோகிளேவ் கிருமியைக் கொல்லும், ஒட்டியிருக்கும் புரதத்தை அகற்றாது. அப்படிச் சுத்தம் செய்தவற்றுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் பழைய படலம் மிச்சம் இருந்தது. புதியதையே போடுங்கள். ஈறு முதன்முதலில் ஒட்டப்போகும் பரப்பு அது.

லேபிலிருந்து வரும் அபட்மென்ட் பளபளப்பாக இருக்கும், சுத்தமாக இருக்காது. மில்லிங் துகள், பாலிஷ் பசை, மாடலின் தூசு, தொட்டவரின் கை எண்ணெய் எல்லாம் அதன் மேல் இருக்கும். அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, நீராவி பீய்ச்சி, தயாரிப்பாளர் சொன்ன முறையில் ஸ்டெரிலைஸ் செய்த பிறகு, ஈறைத் தொடும் பகுதியைக் கையுறையாலும் தொடாதீர்கள். மேற்பகுதியை மட்டும் பிடியுங்கள்.

பொருளில் டைட்டானியமும் ஜிர்கோனியாவும் நல்லவை. தங்கக் கலவை அபட்மென்ட்டைச் சுற்றி திசு அடைப்பு சரியாக அமையாமல் கீழே இறங்குவதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஈறுக்குள் போகும் பகுதியில் போர்சலின் பூச வேண்டாம், பாலிஷ் செய்த ஜிர்கோனியாவாக விடச் சொல்லுங்கள். பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரான் அளவுக்கு வந்துவிட்டால் போதும், அதற்கு மேல் மெருகேற்றினாலும் பிளாக் (பாக்டீரியா படலம்) சேர்வது குறைவதில்லை. ஈறிலிருந்து கிரவுன் விரியும் கோணம் 30 டிகிரியைத் தாண்டாமல், குடம் போலப் புடைக்காமல் இருக்கட்டும் என்றும் லேபுக்கு எழுதி அனுப்புங்கள். புடைத்த வடிவத்தின் கீழே பிரஷ் போகாது.

கழற்றும் அந்தச் சில நிமிடங்கள்

திறப்பதற்கு முன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்: அடுத்து வைக்கப்போகும் பாகம், அதன் ஸ்க்ரூ, சரியான டிரைவர், சலைன், ஹீலிங் அபட்மென்ட்டைப் போட்டுவைக்க ஸ்டெரைல் கிண்ணம். ஈறு ஒரு தடுப்பும் இல்லாதபோது சில நிமிடங்களிலேயே உள்நோக்கிச் சரியும். திறந்துவிட்டு ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்தால், அடுத்து வைக்கும் பாகம் சரிந்த ஈறைத் தள்ளிக் கிழித்துக்கொண்டுதான் போகும்.

நோயாளியைக் குளோர்ஹெக்சிடின் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அபட்மென்ட்டின் தலையையும் சுற்றியுள்ள பற்களையும் துடைத்துவிடுங்கள். மேலே படிந்திருக்கும் பிளாக் திறந்த புண்ணுக்குள் விழக் கூடாது. டிரைவரில் ஃப்ளாஸ் நூல் கட்டி, முனையை வாய்க்கு வெளியே விடுங்கள். தொண்டையை மறைத்து காஸ் விரியுங்கள். நுரையீரலுக்குள் போன டிரைவரை எடுக்க மருத்துவமனைக்கு ஓடியவர்கள் எல்லாரும் "இது சின்ன வேலைதானே" என்று நினைத்தவர்கள்தான்.

டிரைவரை ஸ்க்ரூவின் குழிக்குள் முழுவதும் அழுத்தி உட்காரவைத்த பிறகு மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். நோயாளி உள்ளுக்குள் வலிக்கிறது என்றாலோ, இம்ப்ளான்ட்டே சேர்ந்து சுற்றுவது போல் தெரிந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். எலும்பு இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள். ஸ்க்ரூ விடுபட்டதும் நேராக மேலே தூக்குங்கள். அசைத்து அசைத்து இழுத்தால் புண் இன்னும் அகலும்.

உள்ளே சலைனால் மென்மையாகக் கழுவுங்கள். ஏர் சிரிஞ்சால் ஊதவே கூடாது. திறந்த திசுவுக்குள் காற்று புகுந்து முகம் வீங்கலாம். அதோடு, புண்ணின் பரப்பு காய்ந்தால் ஆறுவதும் தாமதமாகும். கழற்றிய ஹீலிங் அபட்மென்ட்டை ட்ரேயின் மூலையில் வைக்காதீர்கள், சலைன் கிண்ணத்தில் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் அதே புண்ணுக்குள் திரும்பப் போகப்போவது அதுதான்.

மாட்டும்போது

முதலில் விரல் பலத்தில் மட்டும் திருகுங்கள். ஈறு வெளுத்தால் சற்று நில்லுங்கள். 10, 15 நிமிடத்தில் நிறம் திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் அழுத்தம் அதிகம், ரத்தம் ஓடாத ஈறு பின்னர் சுருங்கிவிடும். கழற்றி வடிவத்தைக் குறைப்பதே நல்லது. ஒரு முறை கூடுதலாகத் திறக்கத் தகுந்த காரணங்களில் இது ஒன்று.

அடுத்து எக்ஸ்ரே. கதிர் இணைப்புக்குச் செங்குத்தாக விழ வேண்டும், மரைகள் தெளிவாகத் தெரிந்தால் கோணம் சரி. இணைப்பில் கறுப்புக் கோடு தெரிந்தால் நடுவில் ஈறோ எலும்போ மாட்டியிருக்கிறது. அதன் மேல் டார்க் (கருவியால் அளந்து கொடுக்கும் திருகு விசை) கொடுத்தால் ஸ்க்ரூ இறுகியது போலக் காட்டும், சில மாதத்தில் தளரும்.

ஹீலிங் அபட்மென்ட்டுக்கு விரல் இறுக்கம் போதும். நிரந்தர அபட்மென்ட்டுக்கு தயாரிப்பாளர் சொன்ன டார்க், பல சிஸ்டங்களில் 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர். லேபில் பலமுறை திருகிய ஸ்க்ரூவை வாயில் போடாதீர்கள், புதியது போடுங்கள். டார்க் கொடுத்து 10 நிமிடம் கழித்து அதே அளவில் இன்னொரு முறை கொடுங்கள். உலோகப் பரப்புகளின் நுண்ணிய மேடுகள் அமுங்குவதால் ஆரம்ப இறுக்கத்தில் 2 முதல் 10 சதவீதம் வரை போய்விடும்.

தளர்ந்த ஸ்க்ரூ ஈறுக்குச் செய்யும் கேடு பலருக்குத் தெரிவதில்லை. மெல்லும்போதெல்லாம் இணைப்பு திறந்து மூடும். உள்ளே தேங்கிய பாக்டீரியா நீர் வெளியே அடிக்கும். இம்ப்ளான்ட்டுக்குப் பக்கத்தில் ஈறில் சின்னக் கொப்புளத்தைப் பார்த்தால், ஆன்டிபயாடிக் எழுதும் முன் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பல தடவை பதில் அங்கேயே இருக்கும்.

சிமென்ட்

முடிந்தவரை ஸ்க்ரூவால் பிடிக்கும் கிரவுனையே தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் தாமஸ் வில்சன் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இம்ப்ளான்ட்டைச் சுற்றி அழற்சி இருந்த இடங்களில் 81 சதவீதத்தில் மிச்ச சிமென்ட் கிடந்தது. அதை அகற்றியதும் பெரும்பாலானவற்றில் அழற்சி தணிந்தது. நார்கள் இணையாக ஓடுவதால் சிமென்ட் கீழே போவதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. சிமென்ட்தான் போட வேண்டும் என்றால் கிரவுனின் விளிம்பு ஈறுக்குக் கீழே 1 மி.மீ.-ஐத் தாண்ட வேண்டாம். கிரவுனைப் போலி அபட்மென்ட் ஒன்றில் அழுத்தி, உபரியை வெளியிலேயே வழித்துவிட்டு வாய்க்குக் கொண்டு போங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் சிமென்ட்டையே வாங்குங்கள். அப்படியும் கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் மறைந்திருப்பதை எக்ஸ்ரே காட்டாது.

அதன் பிறகு

கிரவுன் மாட்டிய அன்றே ஓர் எக்ஸ்ரே எடுத்து வையுங்கள். பிறகு எலும்பு இறங்கியதா என்று ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம். திசு முதிர்ந்த பிறகு, சுமார் மூன்றாவது மாதத்தில், புரோபை மிக மென்மையாக வைத்து ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வருட மாற்றம் 2 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும், அதற்குப் பின் எலும்பு அசையாமல் நிற்க வேண்டும். ரத்தமோ சீழோ வந்து, ஆழமும் கூடியிருந்தால் காத்திருக்காதீர்கள்.

வருடாந்திரப் பரிசோதனைக்கு வரும் நோயாளியின் பல்லை, எந்தத் தொந்தரவும் இல்லாதபோது, சுத்தம் செய்ய வேண்டுமே என்று இம்ப்ளான்ட் மட்டத்தில் கழற்றாதீர்கள். இன்டர்டென்டல் பிரஷ் எட்டும் வடிவம் இருந்தால் அதுவே போதும். கழற்றியே ஆக வேண்டும் என்றால், கேஸ் ஷீட்டில் தேதி, எத்தனையாவது முறை, ஏன் கழற்றினோம் என்ற மூன்றையும் எழுதிவிட்டு டிரைவரை எடுங்கள்.